கல்லும் கொடியும்: லாங்தோக் நாட்டுப்புறத்தின் இரண்டு மரபுகள்

பெசியே நகரத்துக்கும் நார்பொன் நகரத்துக்கும் நடுவே ஓன்செரூன் என்றொரு குன்று இருக்கிறது. தென் பிரான்ஸின் மத்தியதரைக் கடலோர நிலமான லாங்தோக்கில் இதைவிட உயரமான மலைகள் பல உண்டு. இதைவிடப் பெயர்பெற்ற கோட்டைகள் நிற்கும் முகடுகளும் உண்டு. ஆனாலும் அந்த நாட்டுப்புறத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் ஏற வேண்டியது இந்தக் குன்றில்தான் என்பேன். மேலே, கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை மக்கள் குடியிருந்த ஓர் ஊரின் அடித்தளங்கள், நிலத்தில் குடைந்த தானியக் குழிகள், கிரேக்க மட்கலங்கள் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகம். கீழே, வட்டமான ஒரு பெரும் சமவெளி. அதன் வயல் வரப்புகள் எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலுள்ள ஒரு புள்ளியை நோக்கி ஓடுகின்றன. அது மோந்தாடி ஏரி; ஏரியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். நார்பொன் பேராயரின் அனுமதியோடு 1247இல் அதை வடித்துச் சாகுபடி நிலமாக்கினார்கள். வாய்க்கால்கள் நீரை மையத்துக்குக் கொண்டுவர, அங்கிருந்து குன்றுக்கு அடியில் வெட்டிய ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம் அதை மறுபக்கம் கொண்டுபோய்விட்டது. ஏறத்தாழ 780 ஆண்டுகளாக அந்த வடிகால் வேலை செய்துவருகிறது.

அதே மேட்டுக்கு அடியில் இன்னும் இரண்டு சுரங்கங்கள் இருக்கின்றன. ஒன்று, மிதி கால்வாய்க்காக 1679இல் வெட்டிய மால்பா சுரங்கம். சுமார் 160 மீட்டர் நீளம், ஐரோப்பாவில் படகுகள் செல்ல வெட்டப்பட்ட முதல் சுரங்கம். மற்றொன்று 19ஆம் நூற்றாண்டின் ரயில் பாதைக்கானது. குன்றின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு ரோமானியர்களின் தொமிசியா நெடுஞ்சாலை போனது. ஒரே இடத்தில் சாலை, வடிகால், கால்வாய், ரயில். இவை எல்லாவற்றுக்கும் இடையில், கண் போகும் தூரம் வரை, திராட்சைக் கொடி.

பயண நூல்கள் இந்தக் கொடியைப் பின்னணியாகத்தான் வைக்கின்றன. கோட்டையைப் பார், கால்வாயைப் பார், வளைந்த கல் தெருக்கள் உள்ள கிராமத்தைப் பார், மாலையில் ஒரு கோப்பை ஒயின் அருந்து என்பது வழக்கமான வரிசை. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் வாதம். இந்தக் கிராமங்களின் வீடுகளைக் கட்டியது ஒயின். இடிந்துகிடந்த மடாலயத்தை மீட்ட பணம் ஒயினில் விளைந்தது. இந்த மக்களின் அரசியல் நினைவும் அதிலிருந்தே பிறந்தது. அதிலும் சீமான்கள் சேகரித்துவைக்கும் விலை உயர்ந்த ஒயின் அல்ல. சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் சாப்பாட்டோடு தினமும் குடித்த மலிவான சிவப்பு ஒயின். அந்த மரபுக்கு இன்று பாதுகாப்பு இல்லை.

ரோமானியர்கள் கி.மு. 118இல் நார்பொன்னை நிறுவினார்கள். இத்தாலிக்கு வெளியே, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால், அவர்கள் அமைத்த முதல் குடியேற்றம் அது. தொடக்கத்தில் இத்தாலிய ஒயின் இங்கே இறக்குமதியானது. பிறகு உள்ளூரிலேயே கொடி பரவி, ஏற்றுமதி தொடங்கியது. நார்பொன்னுக்கு அருகே சல்லேல்-தோத் என்ற ஊரில் ரோமானியக் காலக் குயவர் பட்டறை ஒன்றை அகழ்ந்திருக்கிறார்கள். முதலாம் நூற்றாண்டிலிருந்து ஒயின் ஜாடிகளைச் சூளை சூளையாகச் சுட்டெடுத்த இடம். வடகிழக்கே உள்ள கார் ஆற்றுப் பாலத்தை ஆண்டுதோறும் பெருங்கூட்டம் பார்க்கிறது. நீம் நகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலின் ஒரு பகுதியான அது, 49 மீட்டர் உயரத்தில் நிற்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அந்த நாட்டுப்புறத்தின் பிற்கால வாழ்க்கையை முன்னறிவித்தது சல்லேல் சூளைகள்தான்.

பயணிகள் தேடி வரும் இன்னொரு வரலாறு 13ஆம் நூற்றாண்டினுடையது. கதார்கள் என்று இன்று அழைக்கப்படும் மாற்றுச் சமயத்தாரை ஒழிக்க மூன்றாம் இன்னசென்ட் போப் அறிவித்த சிலுவைப் போர் 1209 முதல் 1229 வரை லாங்தோக்கைச் சூறையாடியது. 1209 ஜூலை 22 அன்று பெசியே நகர மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். இருபதாயிரம் பேர் என்று போப்பின் தூதர் கணக்கு அனுப்பினார். அது மிகை என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மறு ஆண்டு சிலுவைப் படைத் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோரின் படை மினெர்வ் கிராமத்தை முற்றுகையிட்டது. இரண்டு ஆறுகள் அறுத்தெடுத்த பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, பாறை நுனியில் நிற்கும் ஊர் அது. கல்லெறி பொறிகள் கிணற்றுக்குப் போகும் வழியைத் தகர்த்ததும் தண்ணீர் இல்லாமல் ஊர் பணிந்தது. தங்கள் நம்பிக்கையைக் கைவிட மறுத்த சுமார் 140 பேரை உயிரோடு எரித்தார்கள். ஊரின் நடுவே இப்போது ஒரு நடுகல் இருக்கிறது. கல்லில் புறாவின் வடிவத்தை ஊடுருவிச் செதுக்கியிருக்கிறார் சிற்பி ழான்-லூக் செவெராக். புறா இருக்க வேண்டிய இடம் வெறுமையாக, ஒளி புகும் துளையாக இருக்கிறது. அந்தச் சாவுகளுக்கு இதைவிடக் கண்ணியமான நினைவுச்சின்னத்தை நான் அறியேன்.

ஆனால் இந்த வரலாற்றின்மேல் வளர்ந்த சுற்றுலாக் கதையை அப்படியே ஏற்க முடியாது. ஓத் மாவட்டம் தன்னைக் கதார் நாடு என்று விளம்பரப்படுத்துகிறது. பேர்பெர்த்யூஸ், கெரிப்யூஸ் போன்ற மலைமுகட்டுக் கோட்டைகள் கதார் கோட்டைகள் என்றே விற்கப்படுகின்றன. இன்று நாம் பார்க்கும் மதில்களில் பெரும்பகுதியைக் கட்டியவர் கதார்களை வென்ற பிரெஞ்சு அரசர். 1258ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அரகோன் அரசுடனான எல்லை இந்த மலைகளில் நிலைபெற்றது. அதைக் காக்க எழுந்த அரசுக் காவல் நிலைகள் இவை. 1659இல் எல்லை தெற்கே பிரனீஸ் மலைக்கு நகர்ந்ததும் அவற்றின் வேலை முடிந்தது. கதார் திருச்சபை என்று ஒன்று ஒழுங்கமைந்து இருந்ததா என்பதே வரலாற்றாசிரியர்களிடையே விவாதமாக இருக்கிறது. ஆர். ஐ. மூர், மார்க் பெக் போன்றவர்கள், விசாரணை நடத்தியவர்களின் கற்பனைதான் சிதறலான கிராமத்து நம்பிக்கைகளை ஒரு சபையாகக் காட்டியது என்று வாதிடுகிறார்கள். இதை ஏற்க மறுக்கும் அறிஞர்களும் பலர். எரிக்கப்பட்ட மனிதர்கள் உண்மை. அவர்கள் பெயரால் விற்கப்படும் கோட்டைகள் பெரும்பாலும் வேறொருவருடையவை.

கார்க்கசோன் மதில் நகரத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஏழைகள் குடியிருந்த, உதிர்ந்துகொண்டிருந்த ஒரு பழங்கோட்டை. இடித்துக் கல்லை விற்றுவிடலாம் என்ற நிலையில், உள்ளூர் அறிஞர் க்ரோ-மேரெவியேயும் எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமேயும் போராடிக் காப்பாற்றினார்கள். 1853 முதல் வியோலே-லெ-தூக் அதைப் புதுப்பித்தார். இரண்டு மதில்களுக்கும் இடையே வீடு கட்டி வாழ்ந்த நெசவாளர் குடும்பங்கள் அப்போது அப்புறப்படுத்தப்பட்டன. நினைவுச்சின்னத்தைத் தூய்மையாக்க மக்களை வெளியேற்றும் பழக்கத்துக்கு அது ஒரு தொடக்ககால உதாரணம். கோபுரங்களின் அழகைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்லும் கொடியும் நேராகச் சந்திக்கும் இடம் ஃபோன்ஃப்ருவாத். நார்பொன்னுக்குத் தென்மேற்கே, கோர்பியேர் குன்றுகளின் மடிப்பில் மறைந்திருக்கும் பழைய மடாலயம். 1208இல் கொலையுண்டு, சிலுவைப் போருக்குக் காரணமான போப்பின் பிரதிநிதி பியேர் தெ காஸ்தெல்நோ இந்த மடத்துத் துறவி. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இப்படிப்பட்ட மடாலயங்களின் தூண்களும் போதிகைகளும் பழம்பொருள் சந்தைக்குப் போயின. சேன்-கிலெம்-லெ-தெசேர் மடத்தின் செதுக்குத் தூண்களைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று நியூயார்க்கில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் போகவேண்டும். ஃபோன்ஃப்ருவாத்துக்கு அந்த கதி நேராமல் தடுத்தவர் பெசியேயைச் சேர்ந்த குஸ்தாவ் ஃபயே. அவர் ஓவியர், கோகேனின் படங்களைச் சேகரித்தவர். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய திராட்சைத் தோட்ட உரிமையாளர். 1908இல் மடத்தை வாங்கிப் பழுதுபார்த்தார். அதன் நூலகத்துக்கு ஓதிலோன் ரெதோன் பகலையும் இரவையும் சுவரோவியங்களாகத் தீட்டினார். ஒயின் விற்ற பணம் 12ஆம் நூற்றாண்டுக் கல்லைத் தாங்கிப்பிடித்தது. அந்தப் பணம் வந்த விதத்தில் இருந்த ஏற்றத்தாழ்வுக்குப் பிறகு வருகிறேன்.

கொடியின் காலம் எப்படி வந்தது? முதல் திறவுகோல் மிதி கால்வாய். அதை உருவாக்கிய பியேர்-போல் ரிக்கே உப்பு வரி வசூலித்தவர். பொறியாளராகப் பயின்றவர் அல்ல. துலூஸ் நகரிலிருந்து தோ கடற்கழி வரை 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டும் பணி 1666இல் தொடங்கியது. கால்வாயின் மிக உயர்ந்த இடத்துக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் கிடைக்கச் செய்வதே பெரும் சிக்கல். மோந்தாங் நுவார் மலையின் ஓடைகளைத் திருப்பி, சேன்-ஃபெரெயோல் அணையில் தேக்கி அதைத் தீர்த்தார். உச்சக்கட்டத்தில் சுமார் 12,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பெண்கள் கணிசம். மாதக் கூலி கொடுத்ததும், மழை நாளுக்கும் நோய்க்கும் கூலியைப் பிடிக்காததும் அந்தக் காலத்துக்கு அரிய ஏற்பாடுகள். சந்திரா முகர்ஜி 2009இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பிரனீஸ் மலைக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் தங்கள் ஊர்களில் தலைமுறையாகக் கையாண்ட நீர்ப்பாய்ச்சல் அறிவைக் கால்வாய்க்குக் கொண்டுவந்தார்கள் என்று காட்டுகிறார். படித்த பொறியாளர்களின் ஏட்டறிவு தடுமாறிய இடங்களில் அந்தக் கையறிவு வேலை செய்தது. ரிக்கே 1680இல் இறந்தார். கால்வாய் மறு ஆண்டு திறந்தது. முதலில் அதில் போனது பெரும்பாலும் தானியம். பிறகு ஒயினும் அதிலிருந்து வடித்த சாராயமும் செத் துறைமுகத்தை அடைந்தன.

இரண்டாவது திறவுகோல் ரயில். 1850களில் லாங்தோக் ரயிலால் பாரிஸோடு இணைந்தது. வடக்கின் தொழில் நகரங்களுக்கு மலிவான ஒயின் தேவைப்பட்டது. அதுவரை கோதுமை, ஒலிவம், ஆடு, கொடி என்று கலந்து வாழ்ந்த கிராமங்கள் அரை நூற்றாண்டுக்குள் கொடி ஒன்றையே நம்பும் கிராமங்களாக மாறின. இன்று அந்த ஊர்களில் நடப்பவர் இந்த மாற்றத்தைக் கட்டடங்களிலேயே படிக்கலாம். நடுவில் தேவாலயத்தையோ கோட்டையையோ சுற்றிய வட்டமான இடைக்கால ஊர். பிராம் அதற்கு நல்ல உதாரணம். அதற்கு வெளியே 19ஆம் நூற்றாண்டின் நேரான, அகலமான தெருக்கள். அங்கே வரிசையாகத் திராட்சை விவசாயியின் வீடுகள்: தரைத்தளத்தில் வண்டி நுழையும் அளவுக்கு வளைவு வாசல், உள்ளே குதிரைக்கும் மரத்தொட்டிக்கும் இடம், முதல் மாடியில் குடும்பம், அதற்கு மேல் வைக்கோல் பரண், பரணின் சன்னலில் கப்பி. வாசலின் அகலத்தைப் பார்த்தே அந்த வீட்டார் எத்தனை நிலம் வைத்திருந்தார்கள் என்று ஊகிக்க முடியும். வளைவு வாசல் இல்லாத குறுகிய வீடுகள் தினக்கூலிகளுடையவை.

இந்த வளர்ச்சியை ஒரு சிறு பூச்சி நிறுத்தியது. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலில் வந்த ஃபிலோக்ஸெரா, வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். 1863இல் கார் மாவட்டத்தில் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. 1868 ஜூலையில் மோன்பெலியேயின் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடைய இரண்டு தோழர்களும் இன்னும் சாகாத கொடிகளைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்கள். மஞ்சள் பூச்சிகள் அப்பியிருந்தன. செத்த கொடிகளையே மற்றவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை: வேர் செத்ததும் பூச்சி அடுத்த கொடிக்குப் போய்விடும். பிரான்ஸின் ஒயின் உற்பத்தி 1875இல் 84 மில்லியன் ஹெக்டோலிட்டர். 1889இல் ஏறத்தாழ 23 மில்லியன். கந்தக ரசாயனத்தை மண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வயலை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். பூச்சி மணலில் வாழாது என்று கண்டு, எக்-மோர்த் கடற்கரை மணலில் நட்டார்கள். கடைசியில் தீர்வு நோய் வந்த திசையிலிருந்தே வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஒட்டுக்கட்டியவை.

ஆனால் மறுநடவு பெரும் முதல் கேட்டது. சிறியவர்கள் பலர் நிலத்தை இழந்தார்கள்; வங்கியும் பெசியேயின் பெருந்தனக்காரர்களும் வாங்கினார்கள். குன்றுச் சரிவுகளை விட்டுக் கொடி சமவெளிக்கு இறங்கியது. அராமோன் என்ற ரகம் அங்கே கொட்டோ கொட்டென்று காய்த்தது. நிறமும் சத்தும் இல்லாத, மெலிந்த ஒயின் அது. அதற்கு நிறம் சேர்க்க அல்ஜீரியாவின் கறுத்த ஒயினைக் கலந்தார்கள். பெசியேயைச் சுற்றிக் கோபுரமும் பூங்காவும் வைத்த மாளிகைகள் எழுந்த காலமும் இதுதான். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களைப் பற்றி, நார்பொன்னுக்கு அருகே உள்ள கூர்சான் ஊரை மையமாக வைத்து லாரா ஃப்ரேடர் எழுதிய ஆய்வு தெளிவாகப் பேசுகிறது. பெண்கள் வெட்டிய குச்சிகளைப் பொறுக்கினார்கள், கந்தகம் தூவினார்கள், பழம் பறித்தார்கள். கூலி ஆண்களுடையதில் ஏறத்தாழப் பாதி. 1904இல் கூலிகளின் வேலைநிறுத்தம் ஊர் ஊராகப் பரவியது.

அதற்குள் விலை சரிந்துவிட்டது. உற்பத்தி பெருகியது ஒரு காரணம். இன்னொன்று கலப்படம்: சர்க்கரை வரி 1903இல் குறைந்ததும், சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒயினைப் பெருக்குவது எளிதாயிற்று. உண்மையான ஒயின் விற்காமல் தொட்டிகளில் கிடந்தது. 1907 மார்ச் 11 அன்று அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 பேர் நார்பொன்னுக்கு நடந்து போனார்கள். அங்கே வந்திருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிடுவது நோக்கம். அவர்களை அழைத்துப்போனவர் ஊரில் காப்பிக்கடை வைத்திருந்த சிறு திராட்சை விவசாயி மார்செலன் அல்பேர். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் பெருகியது. மே 12இல் பெசியேயில் ஒன்றரை லட்சம் பேர். ஜூன் 9இல் மோன்பெலியேயில் 5 லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு. அந்த நகரத்தின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு அது. பதாகைகள் பிரெஞ்சிலும், பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை கிடைத்த ஒக்சித்தான் மொழியிலும் இருந்தன. வரி கட்ட மறுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஊராட்சித் தலைவர்கள் பதவி விலகினார்கள்.

பிரதமர் கிளெமான்சோ ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19இல் நார்பொன் மேயர் ஃபெரூலைக் கைதுசெய்தார்கள். அன்றும் மறுநாளும் துருப்புகள் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். சந்தைக்கு வந்த இருபது வயதுப் பெண்ணும் அவர்களில் ஒருவர். செய்தி அக்த் ஊரில் முகாமிட்டிருந்த 17ஆம் காலாட்படைக்கு எட்டியது. அதன் சிப்பாய்கள் இந்தத் திராட்சைக் கிராமங்களின் பிள்ளைகள். சுமார் 500 பேர் ஆயுதங்களோடு இரவெல்லாம் நடந்து பெசியேயை அடைந்தார்கள். மக்களைச் சுட மாட்டோம் என்றார்கள். தண்டனையாக அவர்களைத் துனீசியாவின் கஃப்சாவுக்கு அனுப்பினார்கள். அல்பேர் பாரிஸில் கிளெமான்சோவைச் சந்தித்தபோது ஊருக்குத் திரும்ப ரயில் கட்டணமாக 100 பிராங்க் வாங்கிக்கொண்டார். அதைக் கிளெமான்சோ பத்திரிகைகளுக்குச் சொன்னதும் அவர் பெயர் கெட்டது. இயக்கத்தின் தலைவர் வறுமையில் முடிந்தார். ஆனால் ஜூன் 29ஆம் தேதிச் சட்டம் நின்றது. தண்ணீரும் சர்க்கரையும் கலப்பதை அது கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு விவசாயியும் தன் அறுவடை அளவை ஊராட்சி அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. இன்று பிரெஞ்சு ஒயின் புட்டியின் மேல் ஊர்ப்பெயரை நம்பி உலகம் வாங்குகிறதே, அந்த நம்பகத்துக்கு அடித்தளமிட்ட சட்டங்களில் இது முக்கியமானது. அதற்கு நார்பொன் தெருவில் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பது புட்டியில் எழுதப்பட்டிருக்காது.

அதே தலைமுறையின் இன்னொரு சாதனை கூட்டுறவு. பெசியேக்கு அருகே உள்ள மரோசான் கிராமத்தில் 1901இல் சிறு விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒயினை இடைத்தரகர் இல்லாமல் பாரிஸின் தொழிலாளர் கூட்டுறவுக் கடைகளுக்கே அனுப்பினார்கள். 1905இல் பொதுவான ஒயின் கூடம் கட்டினார்கள். சோசலிஸ்ட் தலைவர் ழான் ழோரெஸ் அந்த ஆண்டே நேரில் வந்து பார்த்து உற்சாகமாக எழுதினார். அந்தக் கூடம் இன்னும் நிற்கிறது. பின்னர் ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் இத்தகைய கூடம் எழுந்தது: தேவாலயத்துக்கு அடுத்தபடி ஊரிலேயே பெரிய கட்டடம், ரயில் பாதையின் ஓரத்தில், முகப்பில் கட்டிய ஆண்டு. தனியாளின் மாளிகைக்குப் போட்டியாக ஏழைகள் சேர்ந்து கட்டிய மாளிகைகள் இவை. தனிப்பட்ட முறையில், லாங்தோக்கின் கட்டடங்களில் கார்க்கசோனைவிட இவையே என்னை அதிகம் ஈர்க்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைய, பல கூடங்கள் காலியாகிவிட்டன. சில வீடுகளாகவும் கிடங்குகளாகவும் மாறுகின்றன, சில இடிக்கப்பட்டுவிட்டன.

பிந்திய கதை சரிவின் கதை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1960களில் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது சுமார் 40 லிட்டர். 1970களில் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் வழியாக இத்தாலிய ஒயின் வந்து குவிந்தது. 1976 மார்ச் 4 அன்று நார்பொன்னுக்கு அருகே மோந்ரெதோன்-தே-கோர்பியேரில் போராட்டக்காரர்களும் காவல் படையும் துப்பாக்கியால் மோதியதில் ஒரு காவல் அதிகாரியும் ஒரு திராட்சை விவசாயியும் இறந்தார்கள். பிறகு ஐரோப்பிய மானியத்தோடு கொடி பிடுங்கும் காலம் வந்தது. ஐம்பது ஆண்டுகளில் லாங்தோக்-ரூசியோன் தோட்டப் பரப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மிஞ்சியவர்கள் தரத்துக்குத் திரும்பினார்கள். ஃபித்தூ 1948இலேயே ஊர்ப்பெயர் உரிமை பெற்றிருந்தது. சேன்-ஷினியானும் ஃபோழேரும் 1982இலும், மினெர்வுவாவும் கோர்பியேரும் 1985இலும் பெற்றன. அராமோன் போய், சீராவும் க்ரெநாஷும் வந்தன. மலைச்சரிவில் தப்பிய பழைய கரிஞான் கொடிகளுக்குப் புது மதிப்பு வந்தது. 2001இல் அனியான் கிராமத்தார், குன்றின் மேலுள்ள புதர்க்காட்டை அழித்துத் தோட்டம் போட வந்த கலிஃபோர்னிய மொந்தாவி நிறுவனத்தின் திட்டத்தை எதிர்த்து வாக்களித்து விரட்டினார்கள். ஒயினால் வாழும் ஓர் ஊர் காட்டுக்காக நின்றது.

இப்போது பாதுகாப்பின் கணக்கைப் பார்ப்போம். உலக மரபுப் பட்டியலில் கார் ஆற்றுப் பாலம் 1985இலும், மிதி கால்வாய் 1996இலும், கார்க்கசோன் 1997இலும் சேர்ந்தன. திராட்சைத் தோட்டங்களும் பட்டியலில் உண்டு: சேன்-எமிலியோன் 1999, பர்கண்டியும் ஷாம்பெயினும் 2015. அனைத்தும் விலை உயர்ந்த ஒயினின் நிலங்கள். உழைக்கும் மக்களுக்கு ஒயின் தந்த, அதற்காகப் போராடிய நிலம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு தோட்டம் மரபாவதற்கு அதன் புட்டி ஏலத்தில் விலைபோக வேண்டும் என்ற எழுதாத விதி இருப்பதுபோல் தோன்றுகிறது. அந்த விதியை நான் ஏற்கவில்லை. மோந்தாடியின் வாய்க்கால், அர்ஜெலியேயின் தெரு, மரோசானின் கூடம், அவற்றைச் சூழ்ந்த கொடி ஆகியவை சேர்ந்து ஒரே மரபு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்குப் பொருள் இல்லை.

கால்வாயின் ஓரத்தில் நிழல் தந்த சுமார் 42,000 பிளேன் மரங்களுக்கு 2006இல் ஒரு பூஞ்சை நோய் வந்தது தெரிந்தது. மருந்து இல்லை, நோயுற்றதையும் அருகில் உள்ளதையும் வெட்டி எரிக்க வேண்டும். மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அவற்றின் இடத்தில் வேறு வகை மரங்களை நட அரசும் நன்கொடையாளர்களும் பணம் தருகிறார்கள். நல்ல காரியம். அதே ஆண்டுகளில், கொடியை நிரந்தரமாகப் பிடுங்கும் விவசாயிக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுக்கப்பட்டது. தொடர் வறட்சியிலும் விலைச் சரிவிலும் சிக்கிய ஓத் மாவட்டத்தில் பலர் அதை வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெரார்கில் 46 டிகிரி வெப்பம் பதிவானபோது கொடிகள் நின்றபடியே கருகின. அந்த நிலத்தில் இன்னொரு கடனை வாங்கி நடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2025 ஆகஸ்ட் 5 அன்று கோர்பியேரின் ரிபோத் கிராமத்தருகே தீ பிடித்தது. பலத்த காற்றில் சில நாட்களுக்குள் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது; வீடுகள் அழிந்தன, ஓர் உயிர் போனது. பிரான்ஸின் மத்தியதரைப் பகுதியில் பல பத்தாண்டுகளில் காணாத காட்டுத்தீ அது. உழுது, களை எடுத்து, கவாத்து செய்த திராட்சைத் தோட்டத்தில் தீ எளிதில் ஓடாது. வரிசைகளுக்கு இடையே எரிவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. கொடி பிடுங்கிய நிலத்தில் சில ஆண்டுகளில் முள்ளும் பைனும் மூடிவிடுகின்றன. காடும் ஊரும் ஒட்டிக்கொள்கின்றன. தீக்குப் பிறகு விவசாயிகள் இதை உரக்கச் சொன்னார்கள். நேரில் வந்த பிரதமரும் தோட்டங்கள் மறைந்ததைக் காரணங்களில் ஒன்றாக ஒப்புக்கொண்டார். தோட்டம் மட்டும் தீயைத் தடுத்திருக்கும் என்று சொல்வது மிகை. வறட்சியும் வெப்பமும் காற்றும் சேர்ந்த அந்த நாளில் எரிந்த தோட்டங்களும் உண்டு. ஆனாலும் ஊரைச் சுற்றிய கொடி வளையத்துக்கு, விளைச்சலின் விலைக்கு வெளியே, ஒரு பொது வேலை இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

ஊருக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள தோட்டங்களை வைத்துப் பராமரிப்பதற்கு விவசாயிக்கு ஆண்டுதோறும் ஊதியம் தர வேண்டும் என்ற கோரிக்கை அங்கே எழுந்திருக்கிறது. கால்வாய்க் கரை மரத்துக்குத் தருவதைப் போல, ஏன், தீயணைப்பு விமானத்துக்குத் தருவதைப் போலவே நியாயமான செலவு இது. எந்தத் தோட்டங்கள் என்று வரையறுப்பதிலிருந்து தொடங்கலாம்: கோர்பியேரின் ஊர்களை அடுத்த சரிவுகள், சாந்தில்லாமல் அடுக்கிய கல் வரப்புகள் இன்னும் தாங்கிநிற்கும் பழைய கரிஞான் நிலங்கள், காலியான கூட்டுறவுக் கூடங்களைச் சுற்றியவை. பிடுங்கும் திட்டம் பணத்தைக் கொடுக்கும்போதே மறுபடி நடும் உரிமையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்த வரையறை அடுத்த சுற்று விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.